கடியன் முதலில் போக வேண்டும்

மீன் காட்சியகத்தின் பன்னிரண்டாம் தொட்டியில் ஏழு மீன்கள் இருந்தன. ஏழும் ஒரு விரல் நீளம்தான். வெளிறிய மஞ்சள் உடம்பில் தலையிலிருந்து வால்வரை மூன்று கறுப்புக் கோடுகள். பார்க்க வருகிறவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, ஏழும் ஒரே சாதி என்று நினைத்துக்கொண்டு போவார்கள். போகட்டும், பலகையை வாசிக்காதவர்களுக்கு என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது. ஏழில் நான்குக்கு மட்டும்தான் கீழ்த்தாடையில் விஷப்பல் உண்டு. மற்ற மூன்றும் அந்த நான்கைப் போலவே கோடு போட்டுக்கொண்டு, அவற்றின் பேரைச் சொல்லிப் பிழைப்பவை. அங்கே வேலை செய்கிறவர்கள் விஷமுள்ளதைக் கடியன் என்றும் மற்றதை வேஷக்காரன் என்றும் அழைத்தார்கள்.

எது கடியன், எது வேஷக்காரன் என்று பிரிக்க மீன் மருத்துவர் அம்மாவுக்குக்கூடக் கைவிளக்கும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். அந்தத் தொட்டியைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு இரண்டும் வேண்டியதில்லை. மூடியைத் திறந்து, தண்ணீருக்கு மேலே உள்ளங்கையை விரித்து நிழல் விழவைப்பாள். கடியன்கள் நடுத்தண்ணீரில் நின்ற இடத்திலேயே நிற்கும். எவன் வந்தால் எனக்கென்ன என்று இருக்கும். வேஷக்காரன்கள் மூன்றும் விழுந்தடித்துக்கொண்டு அடியில் கிடக்கும் காலிச் சங்குகளுக்குள் வாலை முதலில் நுழைத்து, தலையை மட்டும் வெளியே நீட்டி முழிக்கும். கோட்டைப் போட்டுக்கொள்ளலாம், தைரியத்தை எங்கே போய்ப் போட்டுக்கொள்வது?

அந்தப் பெண்ணுக்கு வயது ஐம்பத்தொன்று. காட்சியகத்தில் அவளைச் சின்னப்புலி என்பார்கள், அவள் காதில் விழாத தூரத்தில். தண்ணீர் வடிகட்டியைப் பழுதுபார்க்கிறவர் அவள் வருவதைப் பார்த்தால் சிகரெட்டைக் காலில் போட்டு மிதித்துவிடுவார். கண்ணாடியைத் தட்டுகிற பிள்ளைகள் அவள் திரும்பிப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். தாடையைக் கொஞ்சம் இறக்கி, கண்ணை மட்டும் உயர்த்தி, மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை பார்ப்பாள். அவ்வளவுதான், எதிரில் நிற்கிறவருக்கு வேறெங்கோ வேலை ஞாபகம் வந்துவிடும்.

சங்கதி என்னவென்றால், அவள் இந்த ஐம்பத்தொரு வருடத்தில் யாரோடும் சண்டை போட்டதே இல்லை. கடைக்காரர் நசுங்கின தக்காளியைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். பேருந்தில் காலை மிதித்தவரிடம் தானே மன்னிப்புக் கேட்பாள். அந்தப் பார்வைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்பது உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். அது அவளுடைய அக்கா. யார் யாரென்று குழம்பாமலிருக்க, இவளைச் சின்னவள் என்றும் அக்காவைப் பெரியவள் என்றும் வைத்துக்கொள்வோம்.

பெரியவள் நிஜப்புலி. அதற்கு அத்தாட்சி உண்டு. பத்தொன்பது வயதில் இறால் உரிக்கும் கூடத்தில் வேலைக்குப் போனாள். அங்கே மேற்பார்வையாளர் ஒருவர், நடந்து போகும்போதெல்லாம் பெண்களின் தோளில் கையை வைத்துவிட்டுப் போகிற வழக்கம் உள்ளவர். முதல்முறை வைத்தபோது பெரியவள் கையைத் தட்டிவிட்டாள். இரண்டாம் முறை வேண்டாமென்று சொன்னாள். மூன்றாம் முறை திரும்பி அந்தக் கையைக் கடித்துவிட்டாள். சும்மா பேருக்கு அல்ல, மூன்று தையல் போடுகிற கடி. ஆசுபத்திரியில் என்ன கடித்தது என்று கேட்டபோது அந்த மனுஷர் வெட்கப்பட்டு நாய் என்று சொல்லிவைத்தார். விளைவு, நாய்க்கடி ஊசி முழுவதையும் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. கூடத்தில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பெண்கள் பல நாள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பெரியவள் நடந்துபோனால் வழி தானாகப் பிறந்தது.

அடுத்த வருடம் சின்னவள் அதே கூடத்தில் சேர்ந்தாள். இரண்டு பேருக்கும் நான்கு வயது வித்தியாசம், ஆனால் முகம் அச்சு அசல் ஒன்று. அதே புருவம், அதே அகல நெற்றி, தோளை ஒரு பக்கம் சாய்த்து நடக்கிற அதே நடை. மேற்பார்வையாளர் அவளைப் பார்த்ததும் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். யாரும் அவளைச் சீண்டவில்லை. ஏனென்று அவளுக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. புரிந்த அன்று வீட்டில் கண்ணாடி முன் நின்று அக்காவின் பார்வையைப் பழகினாள். பின்னால் நின்று பார்த்த பெரியவள் சொன்னாள், "வயித்து வலி வந்தவ மாதிரி இருக்கு. தாடையை இறக்குடி. ம், இப்ப சரி."

அப்படித்தான் ஓடியது வாழ்க்கை. எங்கே போவதானாலும் அக்கா முதலில் போவாள், தங்கை பின்னால் போவாள். பள்ளிக்கூடத்தில் அப்படி, கூடத்தில் அப்படி, வாடகைக்கு வீடு பார்த்தபோதும் அப்படி. காட்சியகத்தில் நுழைவாயிலில் சீட்டுக் கிழிக்கிற வேலையில் பெரியவள் இரண்டு வருடம் இருந்தாள். வரிசையைத் தாண்டி நுழைய ஒரு பெரிய மனிதர்கூட அந்த இரண்டு வருடத்தில் முயலவில்லை. அவள் வேலையை விட்டபோது தங்கையைக் கொண்டுபோய் மேலாளர் முன் நிறுத்தி, இவளுக்கு ஒரு வேலை கொடுங்கள் என்றாள். கேட்ட மாதிரி இல்லை, அறிவித்த மாதிரி இருந்தது. கொடுத்தார்கள். சின்னவள் திருமணம் செய்துகொள்ளவில்லை. அவளை விரும்பிக் கேட்டவர்கள் இரண்டு பேர். அக்கா கேட்ட கேள்விகளுக்குப் பிறகு அந்த இருவரையும் அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

பெரியவளுக்குக் கணவர் இருந்தார், ஒரே மகன் இருந்தான். ஒன்பது வருடத்துக்கு முன் கணவர் இறந்துபோனார். மகன் அதற்குள் நான்கு மணி நேர ரயில் தூரத்தில் இன்னொரு ஊரில் கணக்கு வாத்தியாராகிவிட்டான். அம்மாவைக் கூப்பிட்டான். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் தங்கையின் வீட்டுக்கு, மூன்றாம் மாடிக்கு, இரண்டு பெட்டிகளோடு வந்து சேர்ந்தாள். மகன் வருடா வருடம் கூப்பிட்டான். அவள் வருடா வருடம் மாட்டேன் என்றாள். காரணம் கேட்டால், உன் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்பாள். அந்த ஊர்த் தண்ணீரை அவள் ஒரு மடக்குக் குடித்ததில்லை.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு காலையில் பெரியவள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. வாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று, பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கொஞ்சம் திரும்பி வந்தது. போ, வா, வேண்டாம், தண்ணீர். கோபம் மட்டும் திரும்பி வரவேயில்லை. பார்க்கிறவர்களையெல்லாம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். எட்டு வருடம் ஜென்மப் பகையாக இருந்த கீழ்வீட்டுத் தையல்காரி எட்டிப்பார்த்தபோது அவளைப் பார்த்தும் சிரித்தாள். தையல்காரி படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அன்று முதல், சின்னவள் வேலைக்குப் போகிற எட்டு மணி நேரமும் மாடியிலிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று அவள்தான் காதை வைத்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் காலை ஐந்து மணிக்கு அக்காவை எழுப்பிக் கழுவி, உடை மாற்றி, கஞ்சியைக் கொடுத்து, வலது கையை நீவிவிடுவாள். கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக. வேலை முடிந்து இரண்டு மணிக்கு ஓடிவந்து இன்னொருமுறை. படுக்கும் முன் இன்னொருமுறை. முதுகு விட்டுப்போகும். ஆனாலும் அவள் மனசுக்குள் ஒரு வெட்கங்கெட்ட சந்தோஷம் இருந்தது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. அக்காவுக்கு இப்போது அவள் வேண்டும். ஐம்பது வருடம் மறுபக்கமாக இருந்த கணக்கு இது.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்காவின் மகனிடமிருந்து செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காரோடு வருவதாகவும், அம்மாவை நிரந்தரமாகத் தன்னோடு கூட்டிப்போகப் போவதாகவும், துணிமணிகளை எடுத்து வைக்கும்படியும் எழுதியிருந்தான். வரலாமா என்று அவன் கேட்கவில்லை. சின்னவள் அதை மூன்றுமுறை படித்தாள். சரி என்று பதில் எழுதினாள், அழித்தாள், கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். அக்காவிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை காட்சியகத்தில் புதுக்கூடத்துப் பெரிய தொட்டி தயாராகிவிட்டது. பன்னிரண்டாம் தொட்டி மீன்களை அதற்கு மாற்றச் சொன்னார்கள். பெரிய தொட்டியில் ஏற்கெனவே ஒரு இளங்களவா மீன் இருந்தது. குஞ்சிலிருந்து தொட்டியிலேயே வளர்ந்தது, கடலைக் கண்ணால் பார்க்காதது, வாய் மட்டும் கடல் அளவுக்கு உண்டு. இப்படி வாய் பெரிய மீன் இருக்கிற தொட்டிக்குக் கோடுபோட்டவற்றை மாற்றுவதில் ஒரு முறை இருந்தது. முதலில் கடியன்களை விட வேண்டும். இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். பெரிய மீன் ஒருமுறை வாயை வைத்துப் பார்த்துப் பாடம் படித்த பிறகுதான் வேஷக்காரன்களை விட வேண்டும். அந்த முறையை எங்கும் எழுதிவைக்கவில்லை. ஏற்படுத்தினவளே சின்னவள்தான்.

அன்றைக்கு அவள் மனசு அங்கே இல்லை. கடியன்களைப் பிடிக்கத் தடித்த கையுறை வேண்டும், அது இருந்த அலமாரி பூட்டியிருந்தது, சாவி யாரிடமோ இருந்தது. யாரிடம் என்று போய்க் கேட்கப் பிடிக்கவில்லை. மூடியைத் திறந்தபோது அவள் நிழல் விழுந்து வேஷக்காரன்கள் மூன்றும் சங்குக்குள் ஒடுங்கியிருந்தன. வலைகூட வேண்டாம், சங்கோடு தூக்கி வாளியில் போட்டால் ஆயிற்று. இதையாவது இன்றைக்கு முடிப்போம், மற்றதை நாளைக்குப் பார்ப்போம் என்று மூன்று சங்குகளையும் கொண்டுபோய்ப் பெரிய தொட்டியில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை தொட்டியில் மூன்று சங்குகள் கிடந்தன. மூன்றும் காலி. களவா பாறையோரமாக, விருந்துக்குப் போய்வந்த மாமனாரைப் போல நின்றுகொண்டிருந்தது.

மீன் மருத்துவர் அம்மா வந்து பார்த்தார். சின்னவளைவிடப் பதினைந்து வயது இளையவர், சத்தம்போட்டுப் பேசாதவர். நான்தான் விட்டேன், முறை மாற்றி விட்டேன் என்று சின்னவள் தானே சொன்னாள். திட்டினால் தேவலாம் என்றிருந்தது. அவர் திட்டவில்லை. குனிந்து களவாவையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதைக் குத்தம் சொல்ல முடியாதும்மா. அது இதுவரைக்கும் ஒரு கடியனைக்கூடப் பார்த்ததில்ல. கோட்டைப் பார்த்து அது எதுக்குப் பயப்படணும்?"

சாதாரணமாகச் சொன்னதுதான். சின்னவள் அதை மனசுக்குள் இன்னொருமுறை சொல்லிப் பார்த்தாள்.

மதியம் கையுறை கிடைத்தது. கடியன்கள் நான்கையும் விட்டார்கள். கோடு என்றால் ருசி என்று ஒரே இரவில் கற்றுக்கொண்ட களவா நேராக வந்தது. முதல் கடியன் ஒதுங்கவில்லை. களவா வாயைத் திறந்தது, கடியன் உள்ளே போயிற்று, வாய் மூடிற்று. சின்னவள் கையுறையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு கணம்தான். களவாவின் தலை நடுங்கிற்று, செவுள்மூடிகள் விரிந்தன, வாய் திறந்து அப்படியே நின்றுவிட்டது. கடியன் உள்ளேயிருந்து, வாசலைத் தாண்டி வருகிற விருந்தாளிபோல, அவசரமில்லாமல் நீந்தி வெளியே வந்தது. களவா ஒருபக்கம் சாய்ந்து, திறந்த வாயை மூட மறந்து மிதந்தது. அந்தக் கடி பெரிதாக வலிக்காதாம். ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றி, தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடுமாம். மருத்துவர் அம்மா அப்படித்தான் சொன்னார். இனி எத்தனை வேஷக்காரன் வாங்கிவந்து விட்டாலும் இது தொடாது என்றும் சொன்னார்.

சின்னவள் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். செத்துப்போன மூன்றையும் நினைத்தாள். அவற்றின்மேல் எந்தத் தப்பும் இல்லை, கோடும் சரியாகத்தான் இருந்தது. முன்னால் போக வேண்டியவர் போகாததுதான் தப்பு. பிறகு, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்த நினைப்பு வந்தேவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறவனிடம் எந்த முகத்தைக் காட்டுவது? களவாவாவது கடியனைப் பார்க்காதது. இவனோ கடியன் வயிற்றிலேயே பிறந்தவன். பதினெட்டு வருடம் நிஜப்புலியிடம் சாப்பிட்டு, அடி வாங்கி வளர்ந்தவன். வேஷம் எது என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

சனிக்கிழமை சாயங்காலம் அக்காவிடம் சொன்னாள். மகன் வருகிறான், கூட்டிப்போக வருகிறான், நான் விடப்போவதில்லை என்று ஒரே மூச்சில் சொன்னாள். பெரியவள் அவளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. இடது கையால் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடாமல் இருந்தாள். வேண்டாம் என்கிறாளா, விடாதே என்கிறாளா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. தனக்கு வேண்டியதையே அவள் எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மகன் வந்தான். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு, அம்மாவின் இடதுபக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நல்லவன்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்கு மெத்தென்ற புதுச் செருப்பு வாங்கிவந்திருந்தான். கணக்கு வாத்தியார் என்பதால் காரணங்களையும் வரிசையாகக் கொண்டுவந்திருந்தான். இங்கே மூன்று மாடி, மின்தூக்கி இல்லை. ஒரு நாளில் எட்டு மணி நேரம் அம்மா தனியாக இருக்கிறாள். போன மாதம் கட்டிலிலிருந்து விழுந்ததைத் தையல்காரி சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. அவன் வீடு தரைத்தளம். மனைவி வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். கை கால் பயிற்சி கொடுக்கிறவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஒன்றுகூடப் பொய் இல்லை, அதுதான் சின்னவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அவள் தாடையை இறக்கினாள். கண்ணை உயர்த்தினாள். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். மூன்றுக்குமுன் அவன் முகத்தில் புன்னகை வந்துவிட்டது. கேலி அல்ல. பிரியம். அது இன்னும் மோசமாக இருந்தது.

"சித்தி, இந்தப் பார்வை நீங்க எங்கம்மாகிட்ட கத்துக்கிட்டதுன்னு எனக்கு அஞ்சு வயசுலயே தெரியும். நீங்க கோபப்பட்டா எனக்குச் சிரிப்புதான் வரும். விடுங்க. பெட்டி எங்க இருக்கு?"

அவன் எழுந்து அலமாரிப் பக்கம் போனான். சின்னவள் பெட்டி இருந்த அலமாரியைப் பார்த்தாள். ஒதுங்கிவிடலாம், ஒதுங்கித்தானே பழக்கம். சமையலறைக்குள் போய்த் தேநீர் போட்டால் அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கால் அந்தப் பக்கம் திரும்பியும்விட்டது. ஆனால் போகவில்லை. ஏன் போகவில்லை என்று பிற்பாடு அவளைக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அலமாரிக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றாள். முகத்தில் எந்தப் பார்வையும் இல்லை. கன்னம் நடுங்குவது அவளுக்கே தெரிந்தது. அதை அடக்க அவள் மெனக்கெடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"நீ சொன்னதெல்லாம் சரி. ஒண்ணு மட்டும் விட்டுட்ட. இந்த ஏழு மாசத்துல நாலு தடவை வந்த. நாலு தடவையும் உங்கம்மாவுக்கு இடதுபக்கம்தான் உட்கார்ந்த. இன்னிக்கும் அப்படித்தான். அந்த வலது கையை நீ ஒரு தடவைகூடத் தொட்டதில்ல. செத்துப்போன கைன்னு உனக்குப் பயம். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நீ போனதுக்கு அப்புறம் அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள்ள மறைச்சு வெச்சுக்குவா. அதைத் தொடத் தெரியாதவன் அவளைக் கூட்டிட்டுப் போகக் கூடாது. நான் விடமாட்டேன்."

கீழே தையல் இயந்திரம் ஓடி நின்றது. அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், திறந்தபடியே இருந்தான். பிறகு கட்டிலின் விளிம்பைக் கையால் தேடிப்பிடித்து உட்கார்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. சின்னவளுக்குத் தான் சொன்னது தன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. ஐயோ என்றிருந்தது. இதைத்தான் அக்கா இத்தனை வருடமும் செய்துகொண்டிருந்தாளா, ஒவ்வொருமுறையும் இப்படித்தான் இருந்ததா என்று நினைத்தாள். நாய்க்கடி ஊசிக் கதையில் யாரும் இந்தப் பகுதியைச் சொன்னதில்லை.

கடைசியில் அவன் சொன்னான், "பயமாத்தான் இருக்கு சித்தி. எங்கம்மா கை அது. என் முதுகுல எத்தனை தடவை விழுந்திருக்கு. அது அப்படிக் கிடக்கறதைப் பார்க்க முடியல." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரி. அம்மா இங்கயே இருக்கட்டும். நீங்க சொல்றதுதான் நியாயம்."

ஜெயித்துவிட்டாள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு சண்டை போட்டு, அதில் ஜெயித்தும்விட்டாள்.

அவன் எழுந்து கட்டிலைச் சுற்றி வலதுபக்கம் வந்து, தரையில் உட்கார்ந்து, அம்மாவின் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல், சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தான். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைவிரலிலிருந்து ஆரம்பி என்றாள்.

அப்போதுதான் பெரியவள் பேசினாள்.

"போறேன்."

இருவரும் நிமிர்ந்தார்கள். என்ன வேண்டும், எங்கே போக வேண்டும், குளியலறைக்கா என்று சின்னவள் கேட்டாள். பெரியவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். இடது கையைத் தூக்கி மகனைக் காட்டினாள். ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இறைத்தாள்.

"இவனோட. போறேன்."

"அக்கா, அவனே விட்டுட்டான். நீ இங்கயே இருக்கலாம். யாரும் உன்னைக் கூட்டிட்டுப் போகமாட்டாங்க."

"நீ... நல்லா... பேசின." பெரியவள் மூச்சு வாங்கினாள். அவள் முகத்தில் ஏழு மாதமாக எல்லோருக்கும் காட்டிய சிரிப்பு இல்லை, பழைய முகம் இருந்தது. "இனிமே... நான்... போலாம்."

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. ஒன்பது வருடம். அவன் வருடா வருடம் கூப்பிட்டது, இவள் வருடா வருடம் மறுத்தது, அந்தக் குடித்துப் பார்க்காத ஊர்த் தண்ணீர். வாதத்தில் விழுந்த பிறகும், கையும் காலும் பேச்சும் போன பிறகும், இந்த மூன்றாம் மாடியில் தங்கைக்குக் காவலாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். அக்காவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று தான் நினைத்துச் சந்தோஷப்பட்ட ஏழு மாதமும். கோபம் வந்தது. தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்கவே மாட்டேனே, பயந்தவளாகவே இருந்து உன்னை இங்கேயே வைத்துக்கொண்டிருப்பேனே என்று கத்த வேண்டும்போல இருந்தது. அக்காவின் மடியில் முகத்தை வைத்து அழத்தான் முடிந்தது. பெரியவள் இடது கையால் அவள் தலையைத் தடவவில்லை. லேசாகக் குட்டினாள்.

பெட்டியைச் சின்னவளே கட்டினாள். கட்டிக்கொண்டே மகனுக்குச் சொன்னாள். கஞ்சி கெட்டியாக இருந்தால் புரையேறும். காலை ஐந்துக்குக் கை, இரண்டுக்குக் கை, படுக்கும் முன் கை. குளிக்கவைக்கும்போது வாசல்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள், அவளுக்கு வெட்கம் உண்டு. தூங்குகிற மாதிரி கண்ணை மூடியிருந்தால் தூங்கவில்லை என்று அர்த்தம். அவன் ஒரு காகிதத்தை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். சிரிக்கவில்லை. ஒரு இடத்தில், மெதுவாகச் சொல்லுங்கள் சித்தி என்றான்.

நாற்காலியில் உட்காரவைத்து, தையல்காரியும் ஒரு பக்கம் பிடிக்க, மூன்று மாடியும் இறக்கினார்கள். காரின் முன் இருக்கையில் பெரியவளை உட்காரவைத்து, வலது கையை மடியில் சரியாக எடுத்துவைத்தான் மகன். வெயில் சுள்ளென்று அடித்தது. சின்னவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெரியவள் அவளைப் பார்த்துத் தாடையை இறக்கினாள். "போ. மேல போ."

இந்தக் குரலுக்கு அவள் ஐம்பது வருடம் போயிருக்கிறாள், வந்திருக்கிறாள், உட்கார்ந்திருக்கிறாள், எழுந்திருக்கிறாள்.

"முடியாதுக்கா. நான் இங்கதான் நிப்பேன்."

பெரியவள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்து வண்டியை எடு என்று இடது கையால் காட்டினாள். கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை சின்னவள் வெயிலில் நின்றாள், மறைந்த பிறகும் நின்றாள்.